மூன்றாம் நாளில் யார் வருகிறார்கள்?

பிறந்த குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலை பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் நாளில் தலைகாட்டி ஐந்தாம் நாள் வாக்கில் உச்சத்துக்குப் போகும். தாய்க்குச் சீம்பால் மாறிப் பால் கட்டுவதும் அதே நாட்களில்தான். குழந்தை சரியாக வாய் வைக்கவில்லை என்றால் மார்பு கல்லாகக் கனத்து, காம்பு வெடித்து, ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் கண்ணில் நீர் வரும். குழந்தையின் எடை பிறந்தபோது இருந்ததைவிடக் குறைந்து நிற்பதும் அப்போதுதான். பத்து சதவீதம் வரை குறைவது இயல்பு என்று யாரும் சொல்லியிருக்காவிட்டால் வீடே பதறிப்போகும். தாய் காரணம் சொல்லத் தெரியாமல் அழுவதும் இதே வாரத்தில். இவ்வளவும் ஒன்றாகக் கூடும் நேரம் பார்த்துத்தான் நம் மருத்துவமனைகள் சுகப்பிரசவமான தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவைக்கின்றன.

அனுப்புவதைக் குறை சொல்லவில்லை. படுக்கைகள் வேண்டும், அடுத்தவர் காத்திருக்கிறார். பிரசவத்துக்குப் பின் குறைந்தது 24 மணி நேரமாவது தாயும் சேயும் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பதுதான் 2022-ல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பரிந்துரை. நம் அரசு மருத்துவமனைகள் அதைவிடக் கூடுதலாகவே வைத்திருக்கின்றன. ஆனால் அதே பரிந்துரையில் இன்னொரு பாதியும் உண்டு. குழந்தை பிறந்த 48 முதல் 72 மணி நேரத்துக்குள் ஒருமுறை, இரண்டாம் வாரத்தில் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை பயிற்சி பெற்ற ஒருவர் தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாம் பாதியை நிறைவேற்றுவது யார் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

எண்களைப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும். 2020-ஆம் ஆண்டுக்கான மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி, இந்தியாவில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 20 பேர் 28 நாள் நிறையும் முன் இறந்தார்கள். அந்த 20 பேரில் 15 பேர் முதல் ஏழு நாளிலேயே. தமிழ்நாட்டில் அந்த 20 என்பது 9. பெருமைப்படத் தக்க எண்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அதே ஆய்வில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைத்த குழந்தைகள் 60.2 சதவீதம், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைகள் 55.1 சதவீதம். அதாவது எல்லோரையும் மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். உள்ளே ஒரு மணி நேரத்திலும், வெளியே ஆறு மாதத்திலும் பாதி வழியில் நிற்கிறோம். அறுவைப் பிரசவம் 44.9 சதவீதம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வயிற்றில் தையலோடு வரும் தாய்க்குக் குழந்தையைத் தூக்கவே ஆள் வேண்டும்.

வீட்டுக்குப் போய்ப் பார்ப்பதால் உயிர் பிழைக்குமா என்ற கேள்விக்கு இந்தியாவே பதில் கண்டது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் தம்பதி நடத்தும் ‘சர்ச்’ நிறுவனம் 1990-களில் 39 கிராமங்களில் ஒரு சோதனை செய்தது. உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்து, குழந்தையின் எடை பார்க்க, வெப்பம் பார்க்க, மூச்சை எண்ண, மூச்சு எடுக்காத குழந்தைக்கு மூச்சு கொடுக்க, தொற்றின் அறிகுறி தெரிந்தால் ஊசி போடக்கூடக் கற்றுக்கொடுத்தார்கள். பச்சிளம் குழந்தைகளின் இறப்பு, ஒப்பீட்டுக் கிராமங்களோடு பார்க்கையில் 62 சதவீதம் குறைந்தது. 1999 டிசம்பரில் லான்செட் இதழில் அது வெளியானபோது, குறைந்த படிப்புள்ள ஒரு கிராமத்துப் பெண் கையில் ஊசி கொடுப்பதா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. பிறகு உத்தரப் பிரதேசத்தின் சிவ்கட், வங்கதேசத்தின் சில்ஹெட் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளும் கணிசமான பலனைக் காட்டின. சிவ்கட்டில் சொல்லிக்கொடுத்ததில் முக்கியமானது குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்து வைப்பது, குளிப்பாட்டுவதைத் தள்ளிப்போடுவது போன்ற எளிய காரியங்கள்தான். அங்கே இறப்பு பாதிக்கும் கீழே போனது.

இதன் விளைவாக 2011-ல் இந்திய அரசு வீடுசார் பச்சிளம் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ‘ஆஷா’ என்னும் ஊர்ச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆறு முறையும் போய் முடித்தால் அவருக்கு 250 ரூபாய். ஒரு முறைக்கு நாற்பது ரூபாய் சொச்சம். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு இந்தியாவின் பச்சிளம் குழந்தைகளைக் காப்பாற்றச் சொல்லும் துணிச்சலை வியக்காமல் இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் மலைப்பகுதி, எளிதில் போக முடியாத பகுதிகளில்தான் இருக்கிறார்கள். மற்ற இடங்களில் சுமை கிராம சுகாதாரச் செவிலியர் தோளில். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, குடும்பக் கட்டுப்பாடு, கணினியில் ஏற்ற வேண்டிய விவரங்கள் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் அந்த மூன்றாம் நாள் வருகையும். இதில் நம் ஊர் வழக்கம் ஒரு முடிச்சைப் போடுகிறது. முதல் பிரசவம் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்து பெண் பிறந்த வீட்டுக்குப் போனால், குழந்தைக்கு மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆன பிறகுதான் புகுந்த வீடு திரும்புவாள். கர்ப்பத்தைப் பதிவு செய்து, மாதாமாதம் இரத்த அழுத்தம் பார்த்துவந்த செவிலியர் ஒரு ஊரில். பிரசவம் நடப்பது நகரத்துத் தனியார் மருத்துவமனையில். குழந்தை படுத்திருப்பது வேறொரு ஊரில். பதிவெண் என்னவோ ஒன்றுதான். ஆனால் கதவைத் தட்ட வேண்டிய ஆள் மாறிவிடுகிறார், அவருக்கு இந்தப் பெண்ணைத் தெரியாது. பெண்ணின் அம்மாவே முயன்று தகவல் சொன்னால்தான் உண்டு.

அரசு தன் பங்குக்குப் பொருளாகவும் பணமாகவும் கொடுக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி ரொக்கமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக 18,000 ரூபாய் மதிப்புள்ளது. 2015-ல் தொடங்கிய குழந்தைப் பராமரிப்புப் பெட்டகத்தில் துண்டு, சட்டை, கொசுவலை, நகவெட்டி, கிலுகிலுப்பை, தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியம் என்று 16 பொருட்கள். பின்லாந்து 1938-லேயே தாய்மார்களுக்குப் பெட்டி கொடுக்கத் தொடங்கியது. 1949-ல் எல்லா வருமானத்தாருக்கும் அதை விரித்தபோது, கர்ப்ப காலத்தின் தொடக்கத்திலேயே மருத்துவப் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. பெட்டி அங்கே ஒரு தூண்டில். நம் பெட்டகம் நல்ல எண்ணத்தில் பிறந்தது, ஏழை வீட்டில் அந்தக் கொசுவலைக்கு மதிப்பும் அதிகம். ஆனால் அந்தப் பதினாறில் ஒரு வெப்பமானி இல்லை. கிலுகிலுப்பையை ஆட்டி விளையாட மூன்று மாதம் ஆகும். காய்ச்சலா குளிர்ச்சியா என்று பார்க்க வேண்டியது முதல் இரவிலேயே.

அறிவுரைக்கும் உதவிக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வுகள் ஓரளவு தெளிவாகவே காட்டுகின்றன. கர்ப்பிணிகளுக்கும் இளம் தாய்மாருக்கும் வாராவாரம் கைபேசியில் குரல் செய்தி அனுப்பும் ‘கில்காரி’ 2016 முதல் மத்திய அரசின் திட்டம். மத்தியப் பிரதேசத்தில் ஐயாயிரம் பெண்களை வைத்து அதைச் சோதித்தபோது கருத்தடை முறைகளில் சிறிது மாற்றம் தெரிந்தது. தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் பொருட்படுத்தும்படி எதுவும் தெரியவில்லை. இதற்கு நேர் எதிரே, ஜார்கண்டிலும் ஒடிசாவிலும் ‘ஏக்ஜுட்’ அமைப்பு பழங்குடிப் பெண்களை மாதம் ஒருமுறை கூட்டி உட்காரவைத்து, பிரச்சினை என்ன, நம்மால் என்ன முடியும் என்று அவர்களையே பேசவைத்தது. மூன்றாண்டுகளில் பச்சிளம் குழந்தை இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஹரியானாவில் எடை குறைந்த குழந்தைகளை வீட்டிலேயே தாயின் நெஞ்சோடு அணைத்துக் கட்டும் கங்காரு முறையை ஊக்குவித்த ஆய்வு 2019-ல் வெளியானது. முதல் மாத இறப்பு 30 சதவீதம் குறைந்திருந்தது. நாளெல்லாம் பிள்ளையை நெஞ்சில் வைத்திருக்கும் பெண் அடுப்படிக்குப் போக முடியாது. மாமியார் சோறாக்கினால்தான், இல்லை கணவன் ஒரு மணி நேரம் மாற்றிச் சுமந்தால்தான் அது நடக்கும்.

இந்த வரிசையில் நமக்கு மிக அருகில் உள்ளது வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002-ல் வெளியான ஆய்வு. கிராமத்துத் தாய்மாரில் பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம். காரணங்களாக அது பட்டியலிட்டவை குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த இடத்தில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கடைசியாக, உடலுழைப்பில் கைகொடுக்க ஆள் இல்லாமை. மருத்துவ இதழ் ஒன்றில் ‘துணி துவைக்க ஆள் இல்லை’ என்பதும் நோய்க்காரணமாக ஏறியிருக்கிறது. பிரசவம் ஆன முதல் சில நாட்களில் கண்ணீர் வருவது பலருக்கும் உண்டு, தானே தணியும். இரண்டு வாரம் கடந்தும் தூக்கமின்மை, குற்றவுணர்ச்சி, குழந்தைமேல் பற்றின்மை நீடித்தால் அது வேறு. அதைக் கண்டறிய 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான பத்துக் கேள்விப் பட்டியலுக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஐந்து நிமிட வேலை. கேட்க வேண்டும் என்ற நினைப்புத்தான் இல்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரும் குழந்தையைத்தான் பார்க்க வருகிறார்கள்.

தமிழ் வீட்டுக்கு இந்தக் காரியத்தில் சொந்தமாக ஓர் ஏற்பாடு காலங்காலமாக இருக்கிறது. தாயை வேலை செய்யவிடாமல் ஒதுக்கி உட்காரவைப்பது, பத்தியச் சாப்பாடு, கடற்கரைப் பக்கம் சுறாப்புட்டு, பூண்டுக் குழம்பு, நல்லெண்ணெய், லேகியம், எல்லாவற்றுக்கும் மேலாக அம்மாவின் கை. தீட்டு என்ற பெயரில் அதைச் செய்தார்கள் என்பது எனக்கு உவப்பில்லை. ஆனால் உழைத்துக் களைத்த உடம்புக்கு ஒரு மாத ஓய்வை வேறு எந்தப் பெயரிலும் அந்தக் குடும்பங்கள் கொடுத்திருக்காது. கெட்டதும் சேர்ந்தேதான் வந்தது. தண்ணீரைக் குறைப்பது, காய்கறி பழத்தை ஒதுக்குவது, சேனை என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தொட்டுவைப்பது. தேனில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிரியின் நஞ்சு ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் தசைகளைச் செயலிழக்கவைக்கும். தேன் கூடவே கூடாது. சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. தொப்புளில் சாம்பல், மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம். காய்ந்து தானாக விழட்டும்.

குளியலை மட்டும் சற்று நின்று பார்க்கலாம். பாட்டி மணையில் உட்கார்ந்து சேலையை முழங்காலுக்கு மேல் சொருகிக் கால் இரண்டையும் நீட்டி, குழந்தையைக் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே குப்புறப் போடுகிறாள். முதுகில் எண்ணெய், பிட்டத்தில் எண்ணெய், தொடை மடிப்பில் விரல். திருப்பிப் போட்டு நெஞ்சு, கை, கால் குறுக்கும் நெடுக்கும் நீவல். உள்ளங்கையைச் சரித்துத் தலையில் வெந்நீர். இதுவரை எந்தக் குழந்தை மருத்துவரும் மறுப்புச் சொல்ல மாட்டார். எண்ணெய் தேய்ப்பது எடை கூட உதவுகிறது என்று ஆய்வுகளே உண்டு. அடுத்து வருவதில்தான் வம்பு. மூக்கில் வாய் வைத்து ஊதுவது, விரல் விட்டுத் தொண்டைச் சளி எடுப்பது, காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, பிஞ்சு மார்பைப் பிதுக்கிப் ‘பால்’ எடுப்பது. தாயின் ஹார்மோனால் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் மார்பு வீங்குவது இயல்பு. பிதுக்கினால் சீழ் பிடிக்கும்.

குளித்த பிள்ளைக்குப் போடும் துணியிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பிறந்த குழந்தைக்குப் பழந்துணிதான் மெத்தென்று இருக்கும் என்று பெட்டியிலிருந்து எடுப்பார்கள். வருடக்கணக்கில் அந்துருண்டையோடு கிடந்த வேட்டியும் சேலையும் அவை. ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகள் உண்டு, ஆண் குழந்தைகளில் கூடுதலாக. அந்துருண்டையின் நாப்தலீன் பட்டால் அவர்களின் இரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து காமாலை தாறுமாறாக ஏறும். துவைத்து வெயிலில் காயவைக்காமல் அந்தத் துணியைப் போடக் கூடாது என்பதை வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் ஒரு வரியாக அச்சடிக்கச் செலவே இல்லை. அந்துருண்டைப் பெட்டியே வேண்டாம் என்றால் இன்னும் நல்லது.

காமாலைக்கு இளவெயில் காட்டுவது மூடநம்பிக்கை என்று சொல்லிவிட முடியாது. 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் ஜீன் வார்டு என்ற செவிலியர், வெயில் பட்ட குழந்தையின் தோலில் மஞ்சள் வெளுத்திருப்பதையும் துணி மூடிய இடத்தில் அப்படியே இருப்பதையும் மருத்துவரிடம் காட்டினார். இன்று எல்லா மருத்துவமனையிலும் உள்ள நீல விளக்குச் சிகிச்சை அந்தக் கண்ணில் தொடங்கியது. ஆனால் மொட்டைமாடியில் பத்து நிமிடம் காட்டுவது சிகிச்சை ஆகாது. குழந்தை குளிர்ந்துபோகும், அதைவிட மோசமாக, காட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் இரண்டு நாள் போய்விடும். காமாலையின் மஞ்சள் நிறமி அளவு கடந்தால் மூளையில் படிந்து காதையும் கைகாலையும் நிரந்தரமாகக் கெடுக்கும். வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். அடுத்து நெஞ்சு, வயிறு, முழங்கால். முதல் 24 மணி நேரத்திலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்கால் வரை இறங்கினாலோ அன்றே மருத்துவமனை.

பால் போதுமா என்பது அடுத்த பெரும் கவலை. பாதிப் பேர் புட்டிக்கு மாறுவது இந்தக் கவலையில்தான். பார்க்க வேண்டியது குழந்தையின் அழுகையை அல்ல, ஈரத் துணியை. ஐந்தாம் நாளிலிருந்து ஒரு நாளைக்கு ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் போனால் பால் போகிறது. காம்பு மட்டும் வாயில் இருந்தால் வலிக்கும். கருவட்டமும் உள்ளே போய், மோவாய் மார்பைத் தொட்டு, கீழுதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். படித்தால் விளங்காது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் தலையைச் சற்றுத் திருப்பிவைத்தால் ஒரு நிமிடத்தில் விளங்கும்.

அறிவும் கையும் ஒரே ஆளிடம் இருக்கும் ஏற்பாடு உலகில் உண்டா என்றால், நெதர்லாந்தில் உண்டு. அங்கே ‘கிராம்சோர்க்’ என்பது காப்பீட்டில் சேர்ந்த உரிமை. பிரசவமான வீட்டுக்குப் பயிற்சி பெற்ற பணிப்பெண் எட்டு நாள், தேவைப்பட்டால் பத்து நாள், தினமும் சில மணி நேரம் வருவார். தாயின் தையலைப் பார்ப்பார், குழந்தையின் வெப்பத்தைக் குறித்துவைப்பார், பால் கொடுக்கக் கற்றுத்தருவார். அதே கையோடு கழிப்பறையைக் கழுவி, மூத்த பிள்ளைக்குச் சாப்பாடும் கொடுப்பார். வரும் விருந்தாளிகளுக்குச் சர்க்கரை பூசிய சோம்பு தூவிய ரஸ்க் நீட்டுவதும், நேரமானால் கிளப்பிவிடுவதும் அவரே. நம் வீடுகளுக்கு இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் ஒருவரை அமர்த்தினாலும் புண்ணியம். செல்வந்த நாட்டின் ஏற்பாடு என்பது உண்மை. ஆனாலும் அதில் கற்க ஒன்று உண்டு. கவனிக்கும் வேலையையும் கழுவும் வேலையையும் அவர்கள் இரண்டாகப் பிரிக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லக் கொஞ்சமே இருக்கிறது, ஏனென்றால் நம் ஏற்பாட்டில் அவருக்குக் கொஞ்சமே இடம். மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. தனியார் துறையில் சட்டமே இல்லை. தாய்க்கு 2017 முதல் சட்டப்படி 26 வாரம் உண்டு, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். கட்டட வேலை, வயல் வேலை, வீட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இவை எதுவும் பொருந்தாது. தாய்வீட்டில் பிரசவம் என்றால் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வந்துபோகும் கணவன், குழந்தையை முழுதாகக் கையில் எடுப்பதே மூன்றாம் மாதத்தில்.

இப்போது நகரங்களில் பாட்டியின் இடத்துக்குச் சம்பள ஆள் வந்திருக்கிறார். பெண்ணின் அம்மாவும் வேலைக்குப் போகிறவர், அல்லது இடுப்பு வலிக்காரர். மணையில் உட்கார முடியாது. அதனால் காலையில் ஒரு மணி நேரம் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகும் ஆயாம்மாவைத் தேடிப் பிடிக்கிறார்கள். கிராமங்களில் முன்பு இதைச் செய்தவர் பிரசவம் பார்த்த மருத்துவச்சியே, பெரும்பாலும் நாவிதர் சமூகப் பெண். சாதியால் சுமத்தப்பட்டு, கூலி தானியமாகவும் பழைய சேலையாகவும் கிடைத்த வேலை. ஏக்கப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் பிரசவம் மருத்துவமனைக்குப் போனபோது, பிரசவத்துக்குப் பின் தினமும் வீட்டுக்கு வந்த ஒரே ஆளும் போய்விட்டார் என்பதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

இந்த ஆயாம்மாக்களைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். காலை வெளிச்சத்தில் குழந்தையை ஒட்டுத்துணி இல்லாமல் தினமும் பார்க்கிறவர் வேறு யார்? மஞ்சள் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும், தொப்புளைச் சுற்றிச் சிவந்ததும், நேற்று உதைத்த கால் இன்று துவண்டதும் அவர் கையில்தான் முதலில் தெரியும். அவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது அதிகமில்லை. கையைக் கழுவுவது, அக்குளில் வெப்பமானி வைத்து 37.5-க்கு மேலா, 35.5-க்குக் கீழா என்று பார்ப்பது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணி, 60 அல்லது அதற்கு மேல் என்றால், நெஞ்சு உள்வாங்கினால், பால் குடிக்க மறுத்தால், வலிப்பு வந்தால் 108 ஆம்புலன்சைக் கூப்பிடச் சொல்வது. தாயிடம் இரத்தப்போக்கு, காய்ச்சல், கடும் தலைவலி உண்டா என்று ஒரு வார்த்தை கேட்பது. விட்டுவிடச் சொல்ல வேண்டியவை மூக்கூதுவதும் மார்பைப் பிதுக்குவதும்.

இதற்கு வரக்கூடிய வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 1970-களிலிருந்து இந்தியா மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தது. பிரசவ மரணங்கள் அதனால் பெரிதாகக் குறையவில்லை. உலக அளவிலும் அந்த வழி பின்னர் கைவிடப்பட்டது. உண்மைதான். ஆனால் அன்று ஆபத்தைக் கண்டுபிடித்த மருத்துவச்சி தாயை எங்கே அனுப்புவாள்? வண்டி கிடையாது, போய்ச் சேரும் இடத்தில் இரத்தமோ மருத்துவரோ கிடையாது. இன்று தமிழ்நாட்டில் 2008 முதல் 108 ஓடுகிறது, மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலும் பச்சிளம் குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. ஆயாம்மா எங்கே இருக்கிறார் என்று கண்டுபிடிப்பதும் சிரமமில்லை: எந்தத் தெருவில் யார் பிள்ளை குளிப்பாட்டுகிறார் என்று பகுதிச் செவிலியரைக் கேட்டால் பெயரோடு சொல்வார்.